அக்காவின் வயிற்றுவலிக்கு ஒரு கையெழுத்து

பெருமதிப்புக்குரிய அக்காவின் கைகளுக்கு,

எடை மெஷின் மெக்கானிக்கும், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பனும், கட்டிய மனைவியிடம் நாள்தோறும் தோற்பவனுமாகிய உன் தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு நலம் இப்போது இரண்டு சின்னக் குப்பிகளில் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறது. ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதான் வருமாம். ஆகவே நலம் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல் மட்டும் எப்போதும் போல முழு எடையில் இருக்கிறது.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது. தவிர, உன்னிடமிருந்து எனக்குக் கையெழுத்தோடு ஒரே ஒரு வரி தேவைப்படுகிறது. என் மகள் பட்டாணிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா ஒரு ஃபார்ம் கொடுத்திருக்கிறார். அந்த ஃபார்மில் நம்ம குடும்ப மானம் அடங்கியிருக்கிறது. என்ன வரி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேள்.

உனக்குத்தான் தெரியுமே, தராசைத் தவிர எனக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது. கடைகளிலும் கிடங்குகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பொய் சொல்லும் எடை மெஷின்களை உண்மை பேச வைப்பதுதான் என் பிழைப்பு. அந்தத் திமிரில், பட்டாணி பிறந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளை வீட்டு மெஷினில் ஏற்றி, எடையை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். நாலு வயது தாண்டிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று கிலோ இருநூறு காட்டியது. அடுத்த ஞாயிறும் பதின்மூன்று இருநூறு. அதற்கடுத்த மாதமும் அதே பதின்மூன்று இருநூறு. வேறொரு தகப்பனாக இருந்தால் இந்த இடத்தில் குழந்தைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பான். நான் மெக்கானிக் அல்லவா, மெஷினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறினேன். கழற்றினேன், துடைத்தேன், உள்ளே எடையை உணரும் பாகத்தையே மாற்றினேன். முத்திரை குத்திய இரும்புக்கல்லை வைத்தால் சரியாகக் காட்டியது. பட்டாணியை வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். பட்டறையிலிருந்து இன்னொரு மெஷின் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் கிடங்குகளில் மூட்டை போடும் பெரிய மெஷினையே தூக்கி வந்து கூடத்தில் வைத்தேன். சோபாவை நகர்த்த வேண்டியதாயிற்று. அதன் நடுவில் பட்டாணி ஒரு சொப்புப் பொம்மை மாதிரி நின்றாள். பதின்மூன்று இருநூறு. மூன்று மெஷினும் கூட்டுச் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கின்றன என்று முடிவு கட்டினேனே தவிர, குழந்தை வளரவில்லை என்ற முடிவுக்கு வரவில்லை. இப்படி எட்டு மாதம் ஓடியது அக்கா. "அப்பா, மெஷினுக்கு இன்னுமா காய்ச்சல் சரியாகல?" என்று பட்டாணி ஒவ்வொரு ஞாயிறும் விசாரிப்பாள்.

உன் தம்பி பொண்டாட்டிக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. அவள் தையற்கடையில் வேலை செய்கிறவள், கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். ஒருநாள் பட்டாணிக்குப் புதுக் கவுன் வெட்ட அளவெடுத்தவள் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. போன வருஷம் தச்ச கவுன் உயரம் இன்னும் அப்படியே இருக்கு. கை காலெல்லாம் குச்சியா இருக்கு. வயிறு மட்டும் ரெண்டு விரல் கூடியிருக்கு."

"உன் டேப் துணி. துணி இழுபடும்," என்றேன் நான்.

"டேப் இழுபட்டா அளவு கம்மியாத்தான் காட்டும், கூடக் காட்டாது. இத்தனை வருஷம் தராசு ரிப்பேர் பண்ணி என்னத்தக் கத்துக்கிட்டீங்க?"



நீ வந்து ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போனாயே, அது அந்தச் சமயம்தான். சாப்பிட்டு முடித்ததும் பட்டாணி சோபாவில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டாள். நீ அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொடுத்துவிட்டு, "இவ அப்படியே என்னை மாதிரிடா" என்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "உன் வயிறு நடிப்பு வயிறுக்கா, என் பொண்ணை அந்த லிஸ்ட்ல சேர்க்காத" என்றேன். அத்தான்கூடச் சிரித்தார். நீயும் சிரித்தாய். சரி, அதைப் பிறகு பார்க்கலாம்.

நடுவில் தெருமுனை டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், பசி எடுக்க டானிக் கொடுத்தார், ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து சொட்டு மருந்து கொடுத்தார். டானிக் குடித்துப் பசி எடுத்தது எனக்குத்தான், மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று நான் குடித்தேன். பட்டாணி ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வெளிக்குப் போவாள், எதற்கெடுத்தாலும் அழுவாள், விளையாடுகிற பிள்ளைகளைச் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். மெஷினை மாற்றலாம், பிள்ளையை மாற்ற முடியுமா?

அந்த வாரம் ஒரு பேக்கரியில் மாவு எடை போடும் மெஷின் பழுது. பேக்கரிக்காரர் நல்ல மனுஷன். என் முகத்தைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். "இதைச் சொன்னா என் வியாபாரமே போயிரும், இருந்தாலும் சொல்றேன் தம்பி. என் தங்கச்சி பையனுக்கு இதே கதைதான். கோதுமை ஒத்துக்கல. சீலியாக்னு பேரு. குழந்தைங்க வயித்து டாக்டர்ட்ட காட்டி டெஸ்ட் எடுங்க, அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களா எதையும் நிறுத்தாதீங்க" என்றார். அவர் சொன்னது மொத்தம் ஐந்து வாக்கியம். என் காது மூன்றாவதோடு மூடிக்கொண்டது. கோதுமை ஒத்துக்கல. போதாதா?

வீட்டுக்கு வந்ததும் போர் தொடுத்தேன். பிரெட், பன், பிஸ்கட், நூடுல்ஸ், ரவை எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். பழக்கதோஷத்தில் எடை போட்டேன், நாலு கிலோ அறுநூறு. அலமாரியில் பச்சை ஸ்டிக்கர், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். உன் தம்பி பொண்டாட்டி, "முதல்ல டாக்டர்ட்ட போலாமே" என்றாள். "டாக்டர் சொல்லப்போறதை நான் இப்பவே செய்யறேன், நேரம் மிச்சம்" என்றேன். பட்டாணியை மடியில் உட்காரவைத்துப் புரியும்படி விளக்கினேன்: "கோதுமை உன் வயித்துக்குள்ள போய்ச் சண்டை போடுது. அது கெட்டவன். இனிமே அவனை வீட்டுக்குள்ள விடக்கூடாது." எடுத்த காரியத்தை முழுசாகச் செய்பவள் என் மகள். மறுநாளே பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளின் டப்பாவையும் திறந்து பார்த்து, பிஸ்கட்டுகளைக் கைது செய்து ஜன்னல் வழியாக வெளியே வீசியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பதினோரு பெற்றோர் புகார். சின்ன நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். "வீட்ல என்ன சார் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்றார் டீச்சர். நான் ஸ்டிக்கர் விஷயம் வரை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அக்கா, பலன் இருந்தது! ஐந்தே வாரத்தில் வயிறு வடிந்தது, சிரிப்பு வந்தது, படியில் ஓடி இறங்கினாள். பதின்மூன்று அறுநூற்றைம்பது! எட்டு மாதம் கழித்து நோட்டில் வேறொரு எண்ணை எழுதி, அடியில் ரெண்டு கோடு போட்டேன். அவளுக்குத் துணையாக நானும் கோதுமையை விட்டிருந்தேன். பல வருஷமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கும் வாயு மாத்திரை அந்த ஐந்து வாரமும் தேவைப்படவில்லை, மத்தியானத் தூக்கம் இல்லை, உடம்பு காற்று மாதிரி இருந்தது. மனசாட்சி சுத்தமாக இருந்தால் வயிறும் சுத்தமாக இருக்கும் என்று உன் தம்பி பொண்டாட்டிக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

அந்த வெற்றிக் களிப்போடு குழந்தைகள் வயிற்று டாக்டரம்மாவிடம் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன் என்பதை உன்னிடம் மறைப்பானேன். நோட்டை எடுத்துப்போனேன், வரைபடம் போட்டிருந்தேன். போனதும் நர்ஸ் பட்டாணியை அவர்கள் மெஷினில் ஏற்ற, அது பதின்மூன்று ஐந்நூறு காட்ட, "உங்க மெஷின் நூத்தைம்பது கிராம் கம்மியாக் காட்டுது, நான் வேணா பத்து நிமிஷத்துல சரி பண்ணித் தர்றேன்" என்று சொல்லிப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். நர்ஸ் மெஷினுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். பொறுமையாகக் கேட்டார். என் வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, ரத்தப் பரிசோதனை எடுத்தீங்களா?"

"இல்ல மேடம். அதுக்கு முன்னாடியே நானே கோதுமையை நிறுத்திட்டேன்." இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்தியிருந்தேன்.

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "நீங்க தராசு மெக்கானிக்னு நர்ஸ் சொன்னாங்க. ஒரு மூட்டை என்ன எடைன்னு தெரியணும். மூட்டையைத் தட்டிலிருந்து இறக்கி வெச்சுட்டு மெஷினைப் பார்த்தா என்ன காட்டும்?"

"பூஜ்யம்."

"அதைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க. கோதுமையில குளூட்டன்னு ஒண்ணு இருக்கு. சீலியாக் உள்ள குழந்தை அதைச் சாப்பிட்டா, அதுக்கு எதிரா உடம்பு ஒரு பொருளை உண்டாக்கும். அதைத்தான் ரத்தத்துல தேடுவோம். சாப்பாட்டுல கோதுமையே இல்லேன்னா அது குறைஞ்சுகிட்டே போயிரும். இப்ப டெஸ்ட் எடுத்தா, நோய் இருந்தாலும் இல்லாத மாதிரி வரலாம்."

என் தொழிலையே எனக்குப் பாடமாக நடத்திவிட்டார் அக்கா. எட்டு மாதம் சரியாக இருந்த மெஷினை ரிப்பேர் செய்தவன், சோதனை செய்யவேண்டிய நேரத்தில் சரக்கை இறக்கி வைத்துவிட்டேன். "தப்பு என் மேலதான் மேடம், கோதுமையில்லாமயே இருந்துட்டுப் போகட்டுமே, டெஸ்ட் எதுக்கு?" என்று கேட்டேன். "வேற காரணமா இருந்தா? ஒரு குழந்தையைக் காலம் முழுக்க ஒரு கட்டுப்பாட்டுல வெக்கறதுக்கு முன்னாடி நிச்சயமாத் தெரிய வேண்டாமா?" என்றார். உன் தம்பி பொண்டாட்டி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

தீர்ப்பு இதுதான்: தினமும் ரெண்டு துண்டு பிரெட், ஆறு வாரம். ரொம்பவும் முடியாமல் போனால் உடனே போன் செய்ய வேண்டும். அதன் பிறகு ரத்தம் எடுப்பார்கள்.

இப்போது யோசித்துப் பார். கெட்டவன் என்று நானே கதை சொல்லித் துரத்தியவனை நானே கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவர வேண்டும். தட்டில் பிரெட்டைப் பார்த்ததும் பட்டாணி ஸ்டிக்கர் பெட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். நான் கெஞ்சினேன், கொஞ்சினேன், பிரெட்டை நட்சத்திரமாக, மீனாக, தராசாக வெட்டினேன். முதல் நாள் பிரெட்டை என் செருப்புக்குள் ஒளித்துவைத்தாள், மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது கண்டுபிடித்தேன். ரெண்டாம் நாள் கூடத்தில் கிடந்த மூட்டை மெஷினின் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டாள், அது பூஜ்யத்துக்கே வராமல் என்னை ஒரு மணி நேரம் அலைக்கழித்தது. மூன்றாம் நாள் மடியில் உட்காரவைத்து, இந்தத் தடவை கதை கட்டாமல், உள்ளதைச் சொன்னேன்.

"அப்பா ஒரு தப்பு பண்ணிட்டேன்டா. டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடியே கோதுமையை நிறுத்திட்டேன். அதனால உனக்கு என்னன்னு டாக்டரால கண்டுபிடிக்க முடியல. கொஞ்ச நாள் மறுபடி சாப்பிட்டாத்தான் தெரியும். வயிறு வலிக்கலாம். வலிச்சா அப்பா கூடவே இருப்பேன்."

அவள் பிரெட்டையும் என்னையும் பார்த்தாள். "நீயும் சாப்பிடுவியா?"

"நீ ரெண்டு துண்டுன்னா நானும் ரெண்டு துண்டு."

"நோட்டுல எழுதணும். உன்னோடதையும்."

ஒப்பந்தம் ஆயிற்று. தினமும் காலையில் அவள் எதிரே உட்கார்ந்து ரெண்டு துண்டு தின்றேன். அவள் நோட்டில் எனக்கும் தனக்கும் கோடு போட்டாள். ரெண்டாவது வாரத்திலிருந்து எனக்கு வயிறு உப்பிக்கொண்டது. மாத்திரை மறுபடி சட்டைப்பைக்கு வந்தது. மத்தியானம் ஒரு கிடங்கில் மூட்டை மெஷின்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டேன், காவலாளி எழுப்பி, "எழுபத்தாறு கிலோ சார்" என்றார். இதெல்லாம் மன உளைச்சல், பிள்ளையை நினைத்துத் தகப்பன் வயிறு எரிகிறது என்று உன் தம்பி பொண்டாட்டியிடம் சொன்னேன். "எரியற வயிறு உப்புமா?" என்றாள். அவளுக்கு உணர்ச்சி என்றால் என்னவென்று தெரியாது.

நாலாவது வாரம்தான் அக்கா தாங்க முடியவில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் பட்டாணி பழையபடி சோபாவில் முழங்காலை மடக்கிக் கிடக்கிறாள். வயிறு கல்லு மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்தேன். "வலிக்குதா?" என்றேன். "ம்" என்றாள். அழவில்லை. என் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு, "நான் நடிக்கலப்பா" என்றாள். நான் எப்போதடா நடிக்கிறாய் என்று சொன்னேன் என்று தூக்கிவாரிப் போட்டது. உன்னிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் போல. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம். "போதும், நாளைக்கே கூட்டிட்டு வாங்க, இதுவரைக்கும் சாப்பிட்டது வெச்சே எடுத்துப் பாத்துரலாம்" என்றார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் கையால் கொடுத்து அல்லவா பிள்ளை சுருண்டு கிடந்தாள்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் என் பராக்கிரமத்தையும் கேள். வெள்ளைக் கோட்டு போட்ட அம்மா ஊசியை எடுத்ததும் பட்டாணி கையை நீட்டி, "எத்தனை கிராம் எடுப்பீங்க?" என்று கேட்டாள். தராசுக்காரன் பெற்ற பிள்ளை. அந்த அம்மா சிரித்து, "அஞ்சு கிராம்கூட இருக்காது" என்றார். "அப்ப பரவால்ல" என்றாள். நான் தைரியம் சொல்வதற்காக அவள் மறு கையைப் பிடித்திருந்தேன். ஊசி உள்ளே போன நொடியில் நான் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது, அதில் மூன்றாம் தேதி பெரிதாகி, சின்னதாகி, பெரிதாகியது. "சார், மூச்சு விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் பார்த்தால் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், பட்டாணி என் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்குக் கொடுக்கும் தைரியசாலி ஸ்டிக்கரை என் சட்டையில் ஒட்டிவிட்டிருந்தாள்.

ரிசல்ட் வந்தது. இருக்க வேண்டிய அளவைவிடப் பத்து மடங்குக்கும் மேலே. இன்னொரு தடவையும் ரத்தம் எடுத்து வேறொரு சோதனையும் செய்து, டாக்டரம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார்: சீலியாக்தான். இவ்வளவு தெளிவாக இருப்பதால் குழந்தைக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டாமாம். மருந்து மாத்திரை கிடையாது, சாப்பாடுதான் வைத்தியம், காலம் முழுக்கக் கோதுமை, பார்லி பக்கம் போகக் கூடாது. போகாமல் இருந்தால் மற்ற பிள்ளைகள் மாதிரி வளர்ந்துவிடுவாளாம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இவ்வளவு நாள் பேர் இல்லாமல் பயமுறுத்தியதற்கு ஒரு பேர் கிடைத்துவிட்டதே. பட்டாணி வீட்டுக்கு வந்து ஸ்டிக்கர் பெட்டியை மறுபடி திறந்தாள். இந்தத் தடவை நான் தடுக்கவில்லை.

இங்கேதான் நம்ம குடும்ப மானம் வருகிறது. "இது குடும்பத்துல வர்றது. அப்பா, அம்மா ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துருங்க" என்று சொல்லி டாக்டரம்மா ஒரு ஃபார்மைக் கொடுத்தார். அப்பா வழியில் யாருக்காவது நாள்பட்ட வயிற்றுத் தொந்தரவு, ரத்தசோகை, உடம்பு தேறாமை உண்டா, அம்மா வழியில் உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருந்தது. ரெண்டு பேரும் அங்கேயே ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் விசாரணை ஆரம்பித்தது. "உங்க சித்தப்பா எப்பவும் ஏப்பம் விடுவாரே" என்று நான். "அவர் தின்ன தீனிக்கு ஏப்பம் வராம பாட்டா வரும்?" என்று அவள். "எங்க குடும்பத்துல கல்லைத் தின்னாலும் செரிக்கும், எங்கப்பாவுக்குத் தலைவலிகூட வந்ததில்ல" என்று சொல்லி, அப்பா வழி என்ற கட்டத்தில் "இல்லை" என்று கொட்டை எழுத்தில், பேனா அழுந்த எழுதினேன். உன் தம்பி பொண்டாட்டி மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்க அக்கா?"

"அக்காவா? அது பள்ளிக்கூடம் போகாம இருக்கப் போட்ட நாடகம். எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

"அவங்களே அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லுவா. எழுதியே வாங்கித் தர்றேன் பாரு."

ஆகவே அக்கா, நான் கேட்கும் அந்த ஒரு வரி இதுதான்: "சிறுவயதில் எனக்கு வந்த வயிற்றுவலி உண்மையான வலி அல்ல, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டு வேலைக்கும் டிமிக்கி கொடுக்க நான் செய்த நடிப்பு" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். இதில் உனக்கு ஒன்றும் நஷ்டமில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அப்பா சாயங்காலம் வாங்கிவரும் பன்னில் பாதியைத் தின்றுவிட்டு, "எனக்கு வேணாம்டா, நீ தின்னு" என்று மீதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாய். பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து வலி வரும். அம்மாவிடம் ஓடிப்போய், "அக்கா நடிக்கிறாம்மா" என்று கோள் சொல்லி நீ திட்டு வாங்குவதை வேடிக்கை பார்த்தவன் நான். நானே சாட்சி, ஆனால் சாட்சியின் பேச்சை உன் தம்பி பொண்டாட்டி ஏற்க மாட்டேன் என்கிறாள். இப்போதும் நீ இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதையும், அஞ்சு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாய் என்பதையும் நான் ஃபார்மில் குறிப்பிடவில்லை. அது வயசு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசிகள், எடை போட்டுப் பார்க்காமல் அள்ளித் தருகிறேன். நீங்கள் எல்லாரும் குறைவில்லாத பசியோடும் தொந்தரவில்லாத வயிற்றோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும். கையெழுத்தைத் தாமதம் செய்யாதே.

இப்படிக்கு,
கல்லைத் தின்றாலும் செரிக்கும் குடும்பத்தில் பிறந்த
உன் தம்பி

பின்குறிப்பு: இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்குப் போகிற வழியில் ரிப்போர்ட்டுகளை வாங்கினேன். உறையைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் தம்பி பொண்டாட்டி ரிப்போர்ட் சுத்தம். எனக்குத்தான் இருக்கிறது அக்கா. பட்டாணி அளவுக்கு இல்லை, ஆனாலும் எக்கச்சக்கம். பெரியவன் என்பதால் எனக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்ய வேண்டுமாம். அதுவரைக்கும் நான் கோதுமையை நிறுத்தக் கூடாதாம். தினமும் காலையில் பட்டாணி எதிரே உட்கார்ந்து எனக்கு நோட்டில் கோடு போடப்போகிறாள். செருப்புக்குள் ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று இப்போதே எச்சரித்துவிட்டாள்.

உன் தம்பி பொண்டாட்டி நான் பயந்த மாதிரி சொல்லிக்காட்டவில்லை. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "அக்காவுக்குப் போன் பண்ணீங்களா?" என்று மட்டும் கேட்டாள். போனை எடுத்தேன். உன் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது என்று வைத்துவிட்டேன். அதனால்தான் மேலே எழுதிய அசட்டுத்தனத்தில் ஒரு வரியைக்கூட அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். அந்தக் கையெழுத்து வேண்டாம். நீ எதையும் எழுதித்தர வேண்டாம். உடனே ஒரு டாக்டரைப் பார்த்து, தம்பிக்கும் தம்பி மகளுக்கும் இருக்கிறது என்று சொல்லி ரத்தப் பரிசோதனை எடு. எடுக்கிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதே. இதை யார் சொல்வது பார் என்று நீ சிரித்தால் தாராளமாகச் சிரி. ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், அப்பா மாதிரி பயப்பட வேண்டாம் என்று அத்தைக்குச் சொல்லச் சொன்னாள் பட்டாணி.

ஃபார்மை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அப்பா வழிக் கட்டத்தில் அழுத்தி எழுதியிருந்த "இல்லை"யை எவ்வளவு அடித்தும் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால் அதன் பக்கத்திலேயே எழுதினேன்: "என் அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்றுவலி. அவள் சொன்னாள். நாங்கள் நம்பவில்லை."